மீன் தொட்டிக் காற்றுப் பம்பிக்குப் பாதுகாப்பான மின்னிணைப்பு

மீன் தொட்டி நீருக்குள் காற்றைச் செலுத்தும் பம்பிகள் இரு வகைப்படும். ஒன்று, சுவரிலுள்ள மின்குதையில் நேரடியாகச் செருகத்தக்கது. மற்றையது, 5 அல்லது 12 வோல்ட் நேரோட்டத்தில் இயங்குவது. அதற்கும் மின்குதைக்கும் இடையில் ஓர் அடப்டர் கட்டாயம் தேவை. இந்த இரண்டாவது வகையைப் பயன்படுத்தும் யூனியன்வில் பகுதிக் குடியிருப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை கீழே விளக்கப்பட்டுள்ளன.

அடப்டரின் இரு பணிகள்

ஒன்ராறியோ வீடுகளுக்குக் கிடைப்பது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். இது 12 வோல்ட் பம்பிக்குத் தேவையானதைப் போல் பத்து மடங்கு. அதனைக் குறைத்து நேரோட்டமாக்குவது அடப்டரின் முதற்பணி. பலரும் அறியாதது அதன் இரண்டாம் பணி: பம்பியின் கம்பிகளை வீட்டு மின்கம்பிகளிலிருந்து முற்றாகப் பிரித்து வைத்தல். அடப்டரின் உள்ளே இரு தனிச் சுருள்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் காந்தப்புலத்தின் வழியே செல்கிறது; இரண்டையும் இணைக்கும் கம்பி எதுவும் இல்லை.

மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் பழைய உத்தி இதனாலேயே ஆபத்தானது. பம்பி இயங்கினாலும் அதன் கம்பி வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்பிலேயே இருக்கும். இணைப்பு இடம் மாறினாலோ ஒரு கம்பி அறுந்தாலோ, ஈரக் கையால் தொடுபவரின் உடல் வழியே மின்னோட்டம் நிலத்தைச் சென்றடையலாம். அந்நேரத்தில் அவர் எதிர்கொள்வது 12 வோல்ட் அன்று, 120 வோல்ட்.

பொருத்தமான அடப்டரைத் தெரிவு செய்தல்

பம்பியிலும் அடப்டரிலும் அச்சிடப்பட்டுள்ள விபரங்களை ஒப்பிடுக. வெளியீட்டு வோல்ட் அளவு இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அடப்டரின் அம்பியர் அளவு பம்பியின் தேவைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருத்தலாகாது. 12 வோல்ட், 0.3 அம்பியர் பம்பிக்கு 12 வோல்ட், 1 அம்பியர் அடப்டர் பொருந்தும். நேர், எதிர் முனைகளும் ஒத்திருக்க வேண்டும்.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ கொண்டுவரப்பட்ட, 230 வோல்ட் மட்டும் குறிக்கப்பட்ட பம்பியும் அடப்டரும் இங்கு சரிவர இயங்கா. பயணிகள் பயன்படுத்தும் செருகி மாற்றி, செருகியின் வடிவத்தை மாற்றுமே அன்றி மின்னழுத்தத்தை மாற்றாது.

ஒன்ராறியோ ஒழுங்குவிதி 438/07இன்படி, அங்கீகரிக்கப்படாத மின்பொருட்களை விற்பது மட்டுமன்றிப் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. சி.எஸ்.ஏ. முத்திரை, அல்லது 'சி' எனும் சிறிய எழுத்து அருகிலுள்ள யூ.எல். முத்திரை போன்றவை அங்கீகாரத்தைக் குறிக்கும். சி.இ. எனும் குறி மட்டும் இருப்பது கனடாவில் போதுமானதன்று. தரமற்ற அடப்டரில் இரு சுருள்களுக்கும் இடையிலுள்ள காப்பு பழுதடைந்தால், வீட்டு மின்சாரம் பம்பியின் கம்பிக்கு வந்துவிடும்.

தொட்டியின் அருகே

அடப்டரை நீர் தெறிக்காத இடத்தில் வைக்கவும். கம்பி மின்குதையை அடையுமுன் அதனைவிடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேறட்டும். வழிந்துவரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்புள்ள மின்குதையைப் பயன்படுத்துவது நன்று. ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவும். நீருக்குள் கை வைக்குமுன் தொட்டியின் மின்சாதனங்கள் அனைத்தையும் மின்குதையிலிருந்து கழற்றவும்.

மின்குதையைப் புதிதாகப் பொருத்தக் கூலிக்கு ஒருவரை அமர்த்துவதாயின், அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருத்தல் வேண்டும். உரிமத்தை ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் உறுதிசெய்யலாம். வாடகைக் குடியிருப்பில் மின்குதை பழுதடைந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்கீழ் அதனைத் திருத்துவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகும்.

மின்தடையின்போது

2013 டிசம்பர் பனிமழையின்போது ரொறன்ரோ பெரும்பாகத்தில் பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. பம்பி நின்றதும் தொட்டி நீர் காற்றுக் குழாய் வழியே பின்னோக்கி வழியக்கூடும். ஆகவே குழாயில் ஒருவழி வால்வு பொருத்தவும், அல்லது பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கவும். 5 வோல்ட் யூ.எஸ்.பி. பம்பியாயின், பவர் பாங்க் ஒன்றைக் கொண்டு பல மணி நேரம் இயக்கி மீன்களைக் காக்கலாம்.

எவரேனும் மின்தாக்குதலுக்கு உள்ளானால் அவரைத் தொட வேண்டாம். முதலில் பிரதான மின்பெட்டியில் மின்சாரத்தைத் துண்டித்து, உடனே 911ஐ அழைக்கவும்.