எந்த வேலைக்கு ஃபிட்?

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "இப்ப எப்படி இருக்கு?"

"தேவலை சார்" என்றார் அப்பா.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கேட்காமலே இடது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியும் காட்டினார். பக்கவாதம் வந்து பதினோராவது வாரம் அது. முந்தின நாள் ராத்திரி அதே கையில் டம்ளர் நிற்காமல் ரசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டவர். வேட்டி கட்டிவிட அம்மா வேண்டும். டாக்டர் முன்னால் மட்டும் அந்தக் கைக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த நான் வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிட்டது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு விதிகளில் அதற்குப் பெயர் இறுதிச் சான்றிதழ். டிஸ்பென்சரி வரிசையில் நிற்பவர்கள் அதை 'ஃபிட்' என்றுதான் சொல்வார்கள். "உங்களுக்கு ஃபிட் போட்டுட்டாங்களா?"

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். நோயாளியே தேவலை என்கிறார், கையும் மேலே போகிறது. வேறு என்ன எழுதுவார்? அப்பா தலைமுறை ஆட்களுக்கு டாக்டரிடம் 'முடியலை' என்று சொல்வது மரியாதைக் குறைவு. மருந்து கொடுத்த மனிதரையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். அந்த மரியாதை கேஸ் ஷீட்டில் ஏறும்போது 'நோயாளி நலமாக உணர்கிறார்' என்று ஆகிவிடுகிறது.

மறுநாள் ஃபிட் சீட்டோடு வேலைக்குப் போனார். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். சூப்பர்வைசரே ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார். "லைட் டியூட்டின்னு ஒண்ணு எங்ககிட்ட இல்லைம்மா. ஃபிட்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஃபிட்னா மெஷின்ல நிக்கணும்" என்றார் போனில். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை.

பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை இந்தக் கதை பல வீட்டில் உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. இன்று காலை ஷிப்டுக்கு சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தில் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்கெல்லாம் இ.எஸ்.ஐ. உண்டு. 2017 ஜனவரியிலிருந்து அதுதான் வரம்பு. 18,000 சம்பளம் என்றால் தொழிலாளி கணக்கில் 135 ரூபாய், முதலாளி கணக்கில் 585 ரூபாய். பிடித்தம் மாதம் தவறாமல் நடக்கிறது. என்ன கிடைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

மருந்தும் ஆஸ்பத்திரியும் தெரியும். லீவுக்குப் பணம் வரும் என்பதும் அரைகுறையாகத் தெரியும். கணக்கு இதுதான். ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். கூலி 600 என்றால் நாளைக்கு 420. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் இன்னொரு கதவு இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று பெயர். 34 நோய்களுக்கு, 80 சதவீதக் கூலி, இரண்டு ஆண்டு வரை. காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு பக்கம் செயலிழக்கும் பக்கவாதமும் இருக்கிறது. 1928-லிருந்து காசநோயாளிகளைப் பார்த்துவரும் ஆஸ்பத்திரி நம் சானடோரியம். ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர். அங்கே மருந்து வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஷிப்டுக்கு ஓடுகிறவர்களுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளப் பாதுகாப்பு இருப்பதை யார் சொல்வது?

அந்தக் கதவுக்கு ஒரு பூட்டும் உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். நான்கு சந்தாக் காலத்தில் 156 நாள் கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் பழைய ஐ.பி. நம்பரை (காப்பீட்டு எண்ணை)க் கேட்காமல் புது நம்பர் போட்டுவிடும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் பத்து வருஷம் உழைத்தவரும் காகிதத்தில் ஆறு மாத ஆள். வேலை மாறினாலும் நம்பர் மாறக் கூடாது. இதை அடித்துச் சொல்லி வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் குழப்பம், யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதே. தமிழ்நாட்டில் டிஸ்பென்சரியை நடத்துவது மாநில அரசு. பணம் கொடுக்கும் கிளை அலுவலகம் மத்திய அரசின் இ.எஸ்.ஐ. கழகத்துடையது. கே.கே. நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் கழகத்துடையது. டிஸ்பென்சரியில் கேட்டால் "பணம் அவங்கதாம்மா" என்பார்கள். கிளை அலுவலகத்தில் கேட்டால் "டாக்டர் ஃபிட் போட்டா நாங்க என்ன பண்ண?" என்பார்கள். இரண்டு பதிலும் சரி. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் நான் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

வழி சொன்னது ஒரு பழைய யூனியன்காரர். "உங்கப்பாவுக்கு என்ன நோவுன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. என்ன வேலைன்னு ஒருத்தராவது எழுதியிருக்காங்களா, பாரும்மா" என்றார். ஃபைலைப் புரட்டினேன். மூன்று மாதக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. தொழில் என்ற இடத்தில் 'தனியார்' என்று மட்டும் இருந்தது.

அன்று ராத்திரி அப்பாவை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஷிப்டுக்கு எத்தனை பீஸ், ஒரு டிரே எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், பட்டன் எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது, இடது கை ஒரு விநாடி பிந்தினால் என்ன ஆகும். இரண்டு பக்கம் வந்தது. அப்பா வாசித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேலையா பார்த்தேன்?" என்றார்.

அந்த இரண்டு பக்கத்தோடு ஆஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.க்குப் போனோம். போகும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன், 'தேவலை' மட்டும் சொல்லாதீங்கப்பா என்று. அங்கிருந்த டாக்டர் இளம் பெண். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கையைத் தூக்கச் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த நாணயத்தை எடுக்கச் சொன்னார். மூன்று முறை நழுவியது. சட்டைப் பட்டனைப் போடச் சொன்னார். அப்பா நெற்றியில் வியர்த்துவிட்டது. இடது கையில் பிடிமானம் இல்லை, இரண்டு கையும் தேவைப்படும் மெஷின் வேலைக்குத் தற்போது தகுதியில்லை என்று எழுதினார்.

அதன் நகலை வைத்துக் கிளை அலுவலகத்துக்கு மனு கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கினேன். சான்றிதழில் சந்தேகம் வந்தால் இரண்டாம் கருத்து சொல்ல மெடிக்கல் ரெஃப்ரீ என்று ஒருவர் இருக்கிறார். சந்தேகம் பெரும்பாலும் அலுவலகத்துக்குத்தான் வரும். ரொம்ப நாள் லீவு எடுக்கிறவரைப் பிடிக்கத்தான் அவரிடம் அனுப்புவார்கள். எங்களை நாங்களே அனுப்பச் சொல்லிக் கேட்டோம். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்தார். டிஸ்பென்சரியில் மறுபடியும் முதல் சான்றிதழ் வாங்கினோம். பழைய லீவு முடிந்து 15 நாளுக்குள் அடுத்தது தொடங்கினால், முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை என்ற விதி பொருந்தாது. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மருத்துவர் கேட்க வேண்டிய 'எந்த வேலைக்கு?' என்ற கேள்வியை நீதிமன்றங்கள் எப்போதோ கேட்டுவிட்டன. ஒரிசாவின் ஜெய்ப்பூரில் 1968-ல் சினிமா கொட்டகை வேலையில் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார் ஒரு தச்சர். ஒரு கைதானே போயிற்று, முழு ஊனம் எப்படி ஆகும் என்று வாதாடினார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது முழு இழப்பு என்றது உச்ச நீதிமன்றம். 1975 டிசம்பரில் வந்த தீர்ப்பு. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் இதையே இன்னும் விரித்தார்கள்: உடலில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு. இவை விபத்து இழப்பீட்டு வழக்குகள். நோய்க்கால உதவிக்கு நேரே பொருந்தாது. ஆனால் மனுவில் சொல்ல வேண்டிய நியாயம் அங்கேதான் இருக்கிறது. (லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகள் 'ஐ, டேனியல் பிளேக்' படத்தைப் பார்க்கச் சொன்னாள். 2016-ல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கியது. மாரடைப்பு வந்த தச்சரை அரசாங்கம் 'வேலைக்குத் தகுதி' என்று சொல்லிவிடும் கதை. அங்கேயும் தச்சர்தான்.)

நமக்கு எதிராகப் போன தீர்ப்பும் இருக்கிறது, அதுவும் சென்னையிலேயே. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளி ஒருவர் 1957 ஜனவரியில் லீவில் போனவர், உடம்புக்கு முடியாமல் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். இத்தனை நாள் நோயாக இருந்தார் என்று உறுதி சொல்ல மில் டாக்டரால் முடியவில்லை. இ.எஸ்.ஐ. நம்பியது, பணமும் கொடுத்தது. ஆனால் நிலையாணைப்படி எட்டு நாள் சொல்லாமல் வராதவர் தானாக வேலையை விட்டவர்தான் என்ற மில்லின் வாதத்தை 1963-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நோயில் இருப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்ற இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1993-ல், விசாரணை இல்லாமல் அப்படிப் பெயரை அடித்துவிடக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் பாடம் பாடம்தான். இ.எஸ்.ஐ.யில் கொடுத்த ஒவ்வொரு சீட்டின் நகலையும் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்குப் போட்டோ அனுப்பியது போதாது.

கடைசி வரை போவதென்றால் ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம். சென்னையில் முதன்மைத் தொழிலாளர் நீதிமன்றமே அந்தப் பொறுப்பையும் பார்க்கிறது. உதவி உண்டா, எவ்வளவு, எத்தனை நாள் என்ற எல்லாத் தகராறையும் அங்கே கொண்டுபோகலாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த கெடு மூன்று ஆண்டு. வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனம் என்றால் பாதை கொஞ்சம் வேறு: மருத்துவ வாரியம் சதவீதம் போடும், அது குறைவு என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டு நடுவத்துக்கோ நேராக இந்த நீதிமன்றத்துக்கோ போகலாம். 79-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். சாட்சி சொல்வதற்குத் தவிர, தொழிலாளி நேரில் வர வேண்டியதில்லை. வக்கீலோ யூனியன் நிர்வாகியோ வரலாம். எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடும் நீதிமன்ற அனுமதியோடும் வேறு யாரும், மகளோ மகனோ கூட, வரலாம். 2025 நவம்பர் 21 முதல் இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. மனு எழுதும்போது புது எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் எதிர் வீட்டு மாமா ரயில்வே. கண் பார்வை குறைந்தபோது 'மெடிக்கல் டிகேட்டகரைஸ்' பண்ணினார்கள். அதே சம்பளத்தில் வேறு வேலை. அரசு ஊழியருக்கு ஊனம் வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கே டாக்டரே எந்த வேலைக்குத் தகுதி, எந்த வேலைக்கு இல்லை என்று வகை பிரித்து எழுதுகிறார். ஐந்தடித் தெருவுக்கு இந்தப் பக்கம் தனியார். இந்தப் பக்கத்துக்கு ஃபிட், அன்ஃபிட் என்று இரண்டே சொல்.

எங்களுக்கு நீதிமன்றம் வரை போகும் வேலை வரவில்லை. ரெஃப்ரீ அப்பாவைப் பார்த்தார், நரம்பியல் டாக்டர் எழுதியதை ஏற்றார். 91 நாளில் விட்டுப்போன பாக்கி முதலில் வந்தது, பிறகு 80 சதவீதத்தில் நீட்டிப்பும். நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருந்தது.

கழகத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இறுதிச் சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக அச்சடியுங்கள்: நோயாளி பார்க்கும் வேலை என்ன, அந்த வேலைக்கு அவர் தகுதியா? டாக்டர் அந்த இடத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் செல்லாது என்று ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள்.