கல்யாண ஸ்டூடியோவிலிருந்து கைப்பேசிக்கு

2000-களின் தொடக்கத்தில் சிறிய ஊர்க் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவர்களுக்கு ஆடியும் மார்கழியும் நல்ல மாதங்கள். முகூர்த்தம் இருக்காது, கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும், மணிக்கு இவ்வளவு என்று பேசி, குறும்படம் எடிட் செய்ய மாணவர்களுக்கு விடுவார்கள்.

ஒரு மணி நேர டிஜிட்டல் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரமே ஆகும். ஓடவிட்டுத்தான் பிடிக்க முடியும். அது சுமார் 13 ஜி.பி. இடத்தை விழுங்கும். 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே யாருடைய ரிசப்ஷனோ குடியிருக்கும். ஆகவே படக்குழு முழுவதும் முதலில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, எந்த ஷாட் எத்தனையாவது நிமிடம் என்று நோட்டில் குறித்துக்கொண்டுதான் கிளம்பும். அதற்கு முந்தைய வி.எச்.எஸ். காலம் இன்னும் கறார். ஒரு டெக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவதுதான் எடிட்டிங். நடுவில் ஒரு காட்சியை நுழைத்தால் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும்.

ஸ்டூடியோ அண்ணன்மார்கள் நல்லவர்கள், கைப்பழக்கம்தான் விடாது. தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய குறும்படத்தில், காலிக் குடத்திலிருந்து அடுத்த காட்சிக்கு ஒரு ஹார்ட் வடிவம் விரியும். “நல்லாத்தானே தம்பி இருக்கு?” என்பார்கள். கெஞ்சித்தான் எடுக்க வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அப்போது யாரையும் உறுத்தவில்லை. வாடகை குறைவென்று வேலையை ராத்திரியில் வைத்துக்கொள்வார்கள். ரெண்டர் போட்டுவிட்டு டீக்கடையில் காத்திருப்பார்கள். பெண்கள் ஹாஸ்டல் கேட்டோ இருட்டும் முன்பே மூடிவிடும். ஆக, மவுஸ் பையன்களுக்கு, பின்னணிக் குரல் பெண்களுக்கு என்று தானாகவே பிரிந்தது. பகலில் வந்து பேசிக்கொடுத்துவிட்டுப் போன பெண்ணுக்கு, தன் குரலுக்கு மேல் என்ன படம் ஓடுகிறது என்பது திரையிடும் அன்றுதான் தெரியும்.

பேசியதும் அவள் வழக்கமாகப் பேசும் தமிழ் அல்ல. ஆகாசவாணியின் சரோஜ் நாராயணசாமி, தூர்தர்ஷனின் ஷோபனா ரவி: குரல் என்றால் அதுதான் அளவுகோல். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்க ஹெட்ஃபோன் மைக்கில் வாசிப்பார்கள். மிச்சமிருக்கும் இரைச்சலை கூல் எடிட் புரோ மென்பொருளில் எடுப்பார்கள். கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

இன்று எடிட்டிங் என்றால் கைப்பேசிச் செயலிகள்தான்: கைன்மாஸ்டர், இன்ஷாட், வி.என். 2020-இல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவாவீடியோவும் ஒன்று. அதில் பழகியவர்கள் வேறொன்றுக்குத் தாவிவிட்டார்கள். ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே ஒரு பெண் மொத்தப் படத்தையும் வெட்டி, ஒட்டி, இசை சேர்த்து முடித்துவிடுகிறாள். கேட் எத்தனை மணிக்கு மூடினால் அவளுக்கென்ன? நடந்த மாற்றங்களில் பெரியது இதுதான் என்பேன். படத் துல்லியம், வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஷாட் குறிக்கும் நோட்டு போய்விட்டது. எவ்வளவு எடுத்தாலும் செலவில்லை என்பதால் எதை வைப்பது, எதை விடுவது என்ற சண்டையைக் குழு போடுவதே இல்லை. “எடிட்ல பாத்துக்கலாம்” என்று அது கடைசி ராத்திரிக்கு, ஒருத்தியின் தலைக்குப் போய்விடுகிறது. மற்றவர்களின் பங்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்து சேரும். ஒன்றில் காக்கை, ஒன்றில் மிக்ஸி, ஒன்றில் பாத்ரூம் எதிரொலி. இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினால் காக்கை போகும். நாலு அறைகளில் பேசியது ஓர் அறையில் பேசியதாக ஆகிவிடாது. அதற்கு இன்றும் வழி பழையதுதான்: ஒரே அறை, ஒரே போன், நின்ற ஃபேன்.

யூடியூப் வந்தபின் செய்தி வாசிக்கும் தோரணை தளர்ந்து, பேச்சுத் தமிழுக்கே பின்னணிக் குரலில் இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து இயந்திரக் குரலும் வந்தது. எழுதியதை ஒட்டினால் போதும், அது தடுமாறாமல் வாசிக்கும்; நெல்லையா கோவையா என்று சொல்ல முடியாது. “என் வாய்ஸ் நல்லா இருக்காது மேம்” என்று தயங்கும் பிள்ளைக்கு அது பெரிய வசதி. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தானே இந்தக் குறும்படப் பயிற்சியே என்று எனக்குத் தோன்றும்.

அன்றைய படங்களின் கடைசியில் ‘படத்தொகுப்பு’ என்ற வரியில் பையன் பெயரும் ‘குரல்’ என்ற வரியில் பெண் பெயரும் ஓடும். இப்போது படத்தொகுப்பில் பெண்ணின் பெயர் வருகிறது. ‘குரல்’ என்ற வரியைச் சில குழுக்கள் போடுவதே இல்லை.