நாய்க்குட்டியும் டி.வி. பெட்டியும்

உங்கள் வீட்டில் டி.வி. இருக்கிறதா? நாய் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள்.

டி.வி.யில் ஒரு நாய் குரைக்கும். மூலையில் படுத்திருந்த நம் நாய்க்குட்டி எழுந்து நிற்கும். காதை விறைக்கும். பதிலுக்குக் குரைக்கும். பிறகு டி.வி.க்குப் பின்னால் போய் மோந்து பார்க்கும். அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் படத்தைப் பார்க்கும். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"முன்பு எங்கள் வீட்டு நாய் டி.வி. பக்கமே திரும்பாது. இப்போது வந்த குட்டி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்து கொள்கிறது" என்று பலர் சொல்கிறார்கள். இது ஏன்? தெரிந்துகொள்வோம்.

நாயின் கண்ணும் நம் கண்ணும்

டி.வி.யில் ஓடுவது உண்மையில் ஓடும் படம் அல்ல. ஒவ்வொன்றாக நிற்கும் படங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். நம் நாட்டு டி.வி.யில் ஒரு நொடிக்கு 25 படங்கள் வரும். நம் கண் அவற்றைச் சேர்த்து ஒரே அசைவாகப் பார்க்கிறது.

முன்பு இருந்தது கனமான பெட்டி டி.வி. அதன் திரை ஒரு நொடிக்கு 50 முறை விட்டு விட்டு ஒளிரும். நமக்கு அது பெரிதாகத் தெரியாது. நாயின் கண் நம் கண்ணைவிட வேகமானது. ஒரு நொடிக்கு 70 முறைக்கு மேல் ஒளிர்ந்தால்தான் நாய்க்கு அது விட்டு விட்டுத் தெரியாமல் இருக்கும். அதனால் பழைய பெட்டியில் நாய் பார்த்தது சிமிட்டுகிற வெளிச்சத்தைத்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அதற்கு விருப்பம் இல்லை.

இப்போது வருவது தட்டையான டி.வி. இதன் வெளிச்சம் அப்படிச் சிமிட்டுவதில்லை. ஆகவே படத்தில் ஓடும் ஆடு, மாடு, நாய் எல்லாம் நம் குட்டிக்கு நன்றாகத் தெரிகின்றன.

நிறம் மட்டும் நம்மைப் போலத் தெரியாது. நீலமும் மஞ்சளும் நாய்க்குத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் அது சரியாகப் பிரித்து அறியாது.

சரி, டி.வி.க்குப் பின்னால் போய் ஏன் தேடுகிறது? நாய்க்கு மூக்குதான் முக்கியம். படத்தில் நாய் தெரிகிறது. குரலும் கேட்கிறது. ஆனால் வாசனை இல்லை. "எங்கே போனான் இவன்?" என்று தேடுவதுபோல அது சுற்றிச் சுற்றி வருகிறது.

டி.வி. வந்த கதை

இந்தியாவில் டி.வி. முதலில் டில்லியில்தான் வந்தது. நாள் 1959 செப்டம்பர் 15. அப்போது மிகச் சிலரே அதைப் பார்த்தார்கள்.

1967 ஜனவரி 26 அன்று உழவர்களுக்காக 'கிருஷி தர்ஷன்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. டில்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் மக்கள் ஒன்றாகக் கூடி அதைப் பார்த்தார்கள். 1975 ஆகஸ்டு முதல் ஓர் ஆண்டுக்கு, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. விவசாயம், உடல்நலம், கல்வி பற்றி அவற்றில் சொன்னார்கள்.

1982 இல் கலர் டி.வி. வந்தது. 1987 இல் ஞாயிறு காலையில் 'ராமாயணம்' தொடர் ஓடியது. அந்த நேரத்தில் பல ஊர்களில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. டி.வி. உள்ள ஒரு வீட்டில் தெருவே கூடியது.

இப்போது வீட்டுக்கு வீடு டி.வி. வந்துவிட்டது. கைபேசியிலும் படம் ஓடுகிறது. புயல் வரும் செய்தியை டி.வி. சொல்கிறது. பயிருக்கு மருந்து சொல்கிறது. உலகத்தை வீட்டுக்குள் கொண்டு வருகிறது. டி.வி. நல்லதுதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டி.வி. ஓடும்போது வீட்டிலுள்ள எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன. அப்போது நம் பக்கத்தில் நடப்பது நமக்குத் தெரிவதில்லை.

ஒரு வீட்டில் இப்படி நடக்கலாம்

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, ஏழு வயதுப் பெண் குழந்தை. புதிதாக ஒரு டி.வி. வாங்கியிருக்கிறார்கள். தெருவில் கிடந்த ஒரு நாய்க்குட்டியையும் எடுத்து வளர்க்கிறார்கள்.

மாலை நேரம். தொடர் ஓடுகிறது. முக்கியமான கட்டம். டி.வி.யில் ஒரு பூனை வருகிறது. குட்டி துள்ளிப் பாய்கிறது. குழந்தை அதைப் பிடித்து இழுக்கிறாள். குட்டி திரும்பி அவள் கையைக் கவ்விவிடுகிறது. இரண்டு பல் பதிந்து லேசாக ரத்தம் வருகிறது.

"அம்மா..." என்கிறாள் குழந்தை.

"இரும்மா, அப்புறம் சொல்லு" என்கிறாள் அம்மா. கண் டி.வி.யில் இருக்கிறது.

குழந்தை பாவாடையில் கையைத் துடைத்துக் கொள்கிறாள். 'சொன்னால் குட்டியைத் துரத்திவிடுவார்களோ?' என்று பயப்படுகிறாள். அப்புறமும் சொல்லவில்லை.

இரவு சாப்பிடும்போது பாட்டி பார்க்கிறாள்.

"என்னடி கண்ணு, கையை மடக்கி மடக்கி வச்சுக்கிறே? காட்டு."

குழந்தை அழுதுவிடுகிறாள். "குட்டியைத் துரத்தாதீங்க பாட்டி."

"நம்ம வீட்டுக் குட்டிதானே அம்மா? சின்னப் பல்லு. ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் மஞ்சளை வச்சுக் கட்டுங்க" என்கிறார் அப்பா.

"மஞ்சளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முதல்ல சோப்புப் போட்டுக் கழுவணும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எங்க காலத்திலே இப்படி ஒண்ணும் ஆகாதுன்னு விட்டு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்ததை நான் பார்த்திருக்கேன்டா" என்கிறாள் பாட்டி.

அம்மா டி.வி.யை நிறுத்துகிறாள். குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துப் போகிறாள்.

பாட்டி சொன்னது சரியா? முழுக்க முழுக்கச் சரி.

வெறிநாய்க்கடி நோய் என்றால் என்ன?

இதை ரேபிஸ் என்றும் சொல்வார்கள். ஒரு நுண்ணிய கிருமியால் வருகிறது. நோய் உள்ள விலங்கின் எச்சிலில் அந்தக் கிருமி இருக்கும். அது கடித்தால், பிறாண்டினால், அல்லது நம் புண்ணை நக்கினால் கிருமி உடலுக்குள் போய்விடும். நம் நாட்டில் பெரும்பாலும் நாயால் வருகிறது. பூனை, குரங்கு, கீரி ஆகியவற்றாலும் வரலாம்.

உள்ளே போன கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்குப் போகிறது. இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. புண்கூட ஆறிவிடும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

மூளைக்குப் போய்விட்டால் காய்ச்சல் வரும். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். காற்றுப் பட்டாலும் உடல் நடுங்கும். இந்த அறிகுறிகள் வந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதற்கு மருந்து இல்லை.

ஆனால் அதற்கு முன்பே ஊசி போட்டால் நோயை வராமலே தடுத்துவிடலாம். 1885 இல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர் இதற்கு முதலில் வழி காட்டினார். நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான்.

கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கிருமியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். குழாய் இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீரைச் செம்பால் ஊற்றிக்கொண்டே கழுவலாம்.

மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரித்துக் கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரமாகி விட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழிந்திருந்தாலும் போகத்தான் வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசிக்குப் பணம் இல்லை.

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே" என்று சிலர் பயப்படுகிறார்கள். அது பழைய கதை. அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பது 2004 இறுதியில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஆழமான கடியாக இருந்தால் கடித்த இடத்தில் இன்னொரு மருந்தும் போடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஊசி ஒரு நாளோடு முடியாது. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறைக்கு நான்கு நாள் போக வேண்டும். முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். முதல் ஊசி திங்கட்கிழமை என்றால் அடுத்தது வியாழன். அதற்கு அடுத்தது மறு திங்கள். கடைசி ஊசி நான்காவது வாரம் முடிந்து வரும் திங்கள். சதையில் போடும் ஊசி என்றால் நாள் கணக்கு மாறும். எந்த முறையானாலும் சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். அதைப் படித்துப் பாருங்கள். வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். புண் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

கடித்த நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். பத்து நாள் கவனியுங்கள். அது நோயுற்றாலோ செத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். ஊசியை முதலில் தொடங்குங்கள்.

குட்டிக்கும் ஊசி உண்டு

நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள். மறு ஊசி எப்போது என்று கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். பூனைக்கும் போட வேண்டும். தெருவில் எடுத்த குட்டிக்கும் நோய் இருக்கலாம். குட்டிதானே என்று எண்ணக் கூடாது.

குழந்தைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள். நாய் தின்னும்போது தொடாதே. தூங்கும்போது எழுப்பாதே. குட்டி போட்ட நாயிடம் போகாதே. டி.வி.யைப் பார்த்துத் துள்ளும்போது பிடித்து இழுக்காதே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. "நாய் கடித்தால் எங்களிடம் சொல். திட்ட மாட்டோம். குட்டியைத் துரத்த மாட்டோம்" என்று குழந்தைக்கு நம்பிக்கை கொடுங்கள். பயந்த குழந்தை சொல்லாது. சொல்லாவிட்டால் ஊசி போட முடியாது.

தொடர் நாளைக்கும் வரும். குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டால் அப்போதே திரும்பிப் பாருங்கள்.

யோசியுங்கள், பேசுங்கள்

1. பாட்டி பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2. உங்கள் தெருவில் எத்தனை வீட்டு நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.

3. நாய்க்கடி ஊசி உங்கள் ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனையில் போடுகிறார்கள்? அதன் பெயரைச் சுவரில் எழுதி வையுங்கள்.