ஒரே பக்கம், இருநூறு வேடம்

கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் 2003-இல் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கி, சக வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சவால் விட்டார். பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்.டி.எம்.எல். கோப்பில் ஒரு சொல்லையோ ஒரு குறியையோ தொடக்கூடாது. அதற்கு அலங்காரம் செய்யும் சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் புதிதாக எழுதி அனுப்பலாம். 200-க்கும் மேற்பட்ட வடிவங்கள் தளத்தில் இடம்பெற்றன. ஒன்றில் பக்கம் கடலுக்கடியில் கிடந்தது, இன்னொன்றில் பழைய சினிமா கொட்டகையாக நின்றது. இரண்டிலும் எழுத்து ஒன்றுதான் என்று சொன்னால் நம்புவது கடினம்.

சி.எஸ்.எஸ். அப்போது புதிதல்ல. ஜெனிவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய நார்வேக்காரர் ஹோகோன் வியும் லீ அதை 1994 அக்டோபரிலேயே முன்மொழிந்துவிட்டார். 1996 டிசம்பரில் அது தரநிலையும் ஆனது. ஆனால் பிரவுசர்கள் அதை அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டன. அதனால் நிறமும் எழுத்தளவும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டன. தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் 500 பக்கமுள்ள தளத்தில் 500 கோப்புகளையும் திறந்தாக வேண்டும்.

இன்று செய்தித் தளம் எதிலும் கட்டுரைக்குக் கட்டுரை யாரும் பக்கம் கட்டுவதில்லை. தலைப்பு, எழுதியவர், தேதி, கட்டுரை வாசகம் எல்லாம் தரவுத்தளத்தில் தனித்தனியாக இருக்கின்றன. டெம்ப்ளேட்டில் இருப்பது 'இங்கே தலைப்பு வரும்', 'இங்கே தேதி வரும்' என்ற காலி இடங்கள்தான். வாசகர் கேட்கும்போது சர்வர் அவற்றை நிரப்பித் தருகிறது. திருமண அழைப்பிதழில் பார்டரும் பிள்ளையாரும் முன்கூட்டியே அச்சாகி வர, உள்ளூர் அச்சகம் பெயர்களை ஏற்றுகிற மாதிரி.

இப்படி உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிப்பதில் நாம் சறுக்குவது சின்ன இடங்களில்தான். துணைத்தலைப்பு வேண்டும் என்று ஒரு வரியை போல்டாக்கிப் பெரிதாக்குகிறோம். எழுதும் மென்பொருளின் மெனுவில் 'துணைத்தலைப்பு' என்றே தேர்ந்தெடுத்தாலும் கண்ணுக்கு அதே தோற்றம்தான். ஆனால் பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு முதலாவது வெறும் ஒரு வரி. இரண்டாவதோ நேராகத் தாவிச் செல்லக்கூடிய படி. நாளைக்குத் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'தீம்' மாறினால் இரண்டாவது புதுச் சட்டை போட்டுக்கொள்ளும், முதலாவது பழைய அளவிலேயே துருத்திக்கொண்டு நிற்கும். ஆக, ஒரு வரி எப்படித் தெரிய வேண்டும் என்பதை டெம்ப்ளேட்டிடம் விட்டுவிட்டு, அது என்ன என்று மட்டும் நாம் சொன்னால் போதும். பாணிக்கு 'சிவப்பு' என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு நிறத்தை நீலமாக்கித் தவிப்பவர்கள் உண்டு. 'எச்சரிக்கை' என்று வைத்திருந்தால் எந்த நிறத்துக்கும் பொருந்தியிருக்கும்.

உள்ளடக்கமும் தோற்றமும் இப்படி ஒட்டிக்கொள்வதன் உச்சத்தைத் தமிழ் இணையம் அனுபவித்திருக்கிறது. 1990-களில் பல தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. கோப்பில் இருந்ததோ ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செய்தி முழுக்கக் கிறுக்கலாக வரும். இங்கே எழுத்தின் அடையாளமே அதன் தோற்றத்துக்குள் சிறைப்பட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரநிலையான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அது புழக்கத்துக்கு வந்த பிறகுதான் 'அ' எந்த எழுத்துருவிலும் 'அ'-வாக இருந்தது. தேடுவதும் நகலெடுத்து ஒட்டுவதும் அதன் பிறகே எளிதாயின.

அதற்காக உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் முழுதாக வெட்டிப் பிரித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்துக்காகச் செய்த தீமில் தமிழைப் போட்டுப் பாருங்கள். 'சப்மிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் மேல்வரி 'ழு'-வின் வால் கீழ்வரி 'கி'-யின் கொக்கியில் போய் இடிக்கும். மாதிரிப் பக்கத்தில் நாலு சொல் தலைப்பும் அருமையான படமும் இருக்கும். நம் தலைப்போ மூன்று வரிக்கு ஓடும், படம் இருக்காது. தீமுக்குப் பணம் கட்டும் முன், கையிலுள்ளதிலேயே நீளமான தலைப்பை அதில் போட்டு, செல்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம்.