வழி அடைபட்ட ஞாயிறு



2023 டிசம்பர் 17, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருச்சபை அழைக்கும் நாள். ஆண்டவருக்கு வழியைச் செம்மையாக்கச் சொல்லும் திருமுழுக்கு யோவானின் குரலைத் திருப்பலியில் கேட்டோம். அன்றே நம் வழிகளெல்லாம் அடைபட்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நம் பக்கத்து ஊரான ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. உள்ளே ஏறத்தாழ 800 பயணிகள். மேலப்புதுக்குடி மக்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து, அம்மன் கோவிலில் சமைத்து, முன்பின் தெரியாத அவர்களுக்குப் பசியாற்றினார்கள். நற்செய்தியைக் காதால் கேட்டவர்கள் நாம்; கையால் செய்தவர்கள் அவர்கள். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

திருவருகைக்காலத்தின் ஊதா நிறம் மனமாற்றத்தின் அடையாளம். நமக்கோ குடிலும் நட்சத்திரமும் புதுத்துணியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. (கேரல் குழு எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்ற சண்டை வேறு!) "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்ட மக்களுக்கு யோவான் கடினமான தவம் எதையும் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கச் சொன்னார்; உணவையும் அப்படியே பகிரச் சொன்னார்.

கிறிஸ்து பிறப்புக்கு முன் நாம் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்வோம். நல்லது. அதற்கு வருமுன், வரப்புத் தகராறில் வருடக்கணக்காய்ப் பேசாமலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவோம். கதவைத் திறக்கவில்லையா? மறுநாளும் போவோம்.