தலைப்பிரசவமும் இரண்டாம் பிரசவமும்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். இரண்டாவது பெரும்பாலும் குஷாய்குடாவிலேயே நேர்கிறது. "முதற்குழந்தைக்கு ஒரு பகல் முழுதும் வலித்ததே, இப்போது என்ன அவசரம்?" என்று இருந்துவிடலாகாது. ஒருமுறை விரிந்த கருப்பைவாய் மறுமுறை பெரும்பாலும் விரைந்தே இடங்கொடுக்கும். ஆயினும் பெண்ணுக்குப் பெண் வேறுபாடு மிகுதி. மணிக்கு 1 சென்டிமீட்டர் விரியவேண்டும் என்ற பழங்கணக்கு எல்லோர்க்கும் பொருந்தாது என உலகச் சுகாதார நிறுவனமே 2018-இல் கூறிற்று.

ஆதலின் அண்டைவீட்டாரோடு ஒப்பிட வேண்டா. வலி ஒழுங்காக நெருங்கி வந்தாலும், நீர்க்குடம் உடைந்தாலும், உதிரம் கண்டாலும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். 'நொப்புலு' என்றாலே தாதியர்க்கு விளங்கும். நம் 'நோவு'க்கு அது உறவுச்சொல்தானே! முதற்பிரசவம் அறுவையால் ஆனதாயின், ஊர் மருத்துவமனைச் சீட்டை முன்னரே வரவழைத்துக்கொள்ளுங்கள். பழைய தழும்பு வலியின்போது பிரியும் அபாயம் உண்டாகையால், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.