பாம்பின் நிறத்துக்குப் பணம் கொடுக்கும் முன்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடக்கும் ஊர்வன விற்பனைக் கண்காட்சிகளில் இரண்டு பாம்புக் குட்டிகளை அடுத்தடுத்த பிளாஸ்டிக் டப்பாக்களில் பார்க்கலாம். இரண்டும் பழுப்பும் கறுப்புமாக ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டுமே மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்புகள்தான். மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாது. விலையை ஏற்றுவது டப்பாவில் எழுதியிருக்கும் 'மார்ஃப்' பெயர், அதாவது நிற வகை.

எதற்கு இந்த விலை?

அல்பினோவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிக்கல், 'எல்லோ பெல்லி', 'ஃபயர்' போன்ற மங்கலான மார்ஃப்களில்தான். எல்லோ பெல்லியைத் திருப்பிப் பார்த்தால் வயிறு புள்ளியின்றி மஞ்சளோடியும் ஓரம் கட்டம் கட்டமாகவும் இருக்கும். சாதாரணப் பாம்பிலும் அந்தச் சாயல் வருவதுண்டு. ஆனால் இரண்டு எல்லோ பெல்லிகளை இணைசேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி தந்த நிற 'ஐவரி'யாகப் பிறக்கும். நீங்கள் பணம் கொடுப்பது அந்த நிறத்தைத் தரும் மரபணுவுக்கு. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ஆரோக்கியமான சாதாரணப் பாம்பே போதும்.

'ஹெட்' என்றால் அல்பினோ போன்ற நிறத்தின் மரபணுவை ஒற்றைப் பிரதியாக மறைத்து வைத்திருக்கும் பாம்பு. இவற்றில் மரபணு வெளியே தெரியவே தெரியாது. '66% ஹெட்' என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று மட்டுமே பொருள். மரபணு இல்லாத பாம்பும் உங்கள் கைக்கு வரலாம்.

எங்கே ஏமாறுகிறோம்?

சட்டை உரித்த மறுநாள் எடுத்த படத்தில் எந்தப் பாம்பும் பளபளக்கும். 'பாஸ்டல்' மார்ஃப் குட்டியின் மஞ்சள் வளர வளரப் பழுப்பேறுவது சகஜம். விலையும் நிலைக்காது. 1992-ல் அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பாளர் பாப் கிளார்க் அல்பினோ குட்டிகளைப் பொரிக்கவைத்தபோது ஒரு குட்டி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. இன்று சில நூறு டாலருக்குள் கிடைக்கிறது. முதலீடு என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழகுக்குப் பாம்பு கொடுக்கும் விலையும் உண்டு. 'ஸ்பைடர்' மார்ஃப் பாம்புகள் தலை ஆடித் தள்ளாடும். அவற்றின் உட்காதிலேயே குறைபாடு இருப்பதை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. மலிவாகக் கிடைத்தாலும் இதைத் தவிர்ப்பதே நல்லது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* தாய், தந்தை, உடன்பிறந்த குட்டிகள் ஆகியவற்றின் படங்கள்
* பகல் வெளிச்சத்தில், திருத்தாமல் எடுத்த படம். வயிற்றுப்புறமும் தெரிய வேண்டும்
* பொரித்த தேதி, எடை, இரை எடுத்த பதிவு
* மரபணுச் சோதனை முடிவு

பாம்புச் சட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பியே சில மார்ஃப்களை உறுதிசெய்ய முடியும். எல்லா மார்ஃபுக்கும் சோதனை கிடையாது. குட்டி எடுத்துப் பார்க்கலாம் என்றால், பெண் பாம்பு பருவமடையச் சில ஆண்டுகள் ஆகும். அப்போதும், உண்மையான இரு எல்லோ பெல்லிகளை இணைசேர்த்துக் கிடைத்த ஆறு முட்டைகளில் ஒரு ஐவரிகூட வராமல் போக ஏறக்குறைய 18% வாய்ப்பு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருள் அவர் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். செல்லப்பிராணிகளும் இதில் அடங்கும். பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதன் பிறகும் மாற்றுப் பொருளோ விலைக் குறைப்போ கோர வழி உண்டு. அமெரிக்காவில் விற்பவர் தரும் விவரமே உத்தரவாதமாகக் கருதப்படும். ஆனால் மரபணு இல்லை என்பது தெரியவரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும்; வாய்வார்த்தையை அப்போது நிரூபிக்க முடியாது. அதனால் மார்ஃப் பெயர், பெற்றோர் விவரம், திருப்பித் தரும் நிபந்தனை மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் சாதாரணப் பாம்பின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு

பாங்காக்கிலிருந்து பயணப் பெட்டிகளில் கடத்திவரப்பட்ட பந்து மலைப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இந்தப் பாம்பு, 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். கடத்தல் பாம்பை வாங்கியவர், மார்ஃப் பொய்யென்று புகார் சொல்லப் போனால் முதலில் அவரே மாட்டிக்கொள்வார். இங்கே நிறத்தைப் பார்க்கும் முன் இறக்குமதி ஆவணத்தையும் பதிவுச் சான்றையும் கேளுங்கள். அவை இல்லாத பாம்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.